வெறும் வெந்நீர் ஒண்ணு

எனக்குத் தொழில் அழுவது. சினிமாவில் ஒரு கூட்டத்துக்கு நடுவே யாராவது ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு கதறினால் பாதி நேரம் அந்தக் குரல் என்னுடையது. முகம் வேறு யாருடையதோ. டப்பிங் கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் அழுகாச்சி. வீட்டில் நான் அழுது ஒருவரும் பார்த்ததில்லை. அங்கே எனக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவார்.

கும்பல் சத்தம் கொடுக்கும் நாலு பேர் நாங்கள். ஆள் திரட்டி வருபவர் மேஸ்திரி. அவர் கையை உயர்த்தினால் கத்துவோம், இறக்கினால் நிறுத்துவோம். கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் எல்லோரும் ஒரே நொடியில் நிறுத்துவோம், அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பாப்பா என்பவளுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, பேரன் எடுத்துவிட்டாள், ஆனால் சினிமாவில் பாதிக் குழந்தைகள் அவள் தொண்டையில்தான் அழுகின்றன. இன்னொருவன் இடி. அடியாள் சிரிப்பு, ராட்சசன் உறுமல் எல்லாம் அவன்தான். ஆள் மலைபோல இருப்பான், கரப்பான்பூச்சியைப் பார்த்தால் நாற்காலிமேல் ஏறுவான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்ன அறையில், பட்டன் நிறைந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் என் தம்பி. நான் பத்தாவது பரீட்சைக்குப் படித்ததே அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான். அந்த நன்றியெல்லாம் வேலையில் கிடையாது. "அழுகாச்சிம்மா, ரெண்டாவது அழுகை பொய்யா இருக்கு, இன்னொரு டேக்" என்று ஹெட்போனில் சொல்வான். வேலை நேரத்தில் ஒருநாளும் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவனுக்கு இந்த உலகத்தில் ஒரே எதிரி இருமல். யாராவது லேசாகச் செருமினால்கூடப் போதும், "யாருங்க இருமினது?" என்று குரல் வந்துவிடும்.

மூன்று மாடிக் கட்டடத்தின் அடியில் நிலவறையாக இருந்தது எங்கள் கூடம். சுவரெல்லாம் பஞ்சு, கதவு மெத்தைத் தடிமன். வெளியே ஊரே தீப்பிடித்தாலும் உள்ளே ஒரு முணுமுணுப்பு வராது. ஒரே ஓட்டை, கூரையில் இருந்த ஏசி குழாய். அது மேலே ஏறி, தெருவோரம் இருந்த டீக்கடையின் பின்பக்கம் போய்த் திறக்கும். அந்தக் கடைக்காரருக்கும் எங்களுக்கும் தீராத சண்டை. "உங்க அலறல்ல என் பால் திரிஞ்சுபோகுது" என்பார். அவர் யாருடைய பெயரையும் தெரிந்துகொள்ள மெனக்கெட்டதில்லை. மேஸ்திரி அவருக்கு 'ஸ்ட்ராங்', இடி 'சர்க்கரை தூக்கல்', பாப்பா 'வெறும் பால்'. நான் 'சர்க்கரை இல்லாதது'. அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே தினமும் என் டீயில் சர்க்கரை போட்டுக் கொடுப்பார், நானும் தினமும் திட்டுவேன். தம்பிக்கு வயிற்றுப் புண், அதனால் அவன் 'வெந்நீர்'. அதைப் பின்பக்கப் படி வழியாக இறங்கி அவன் அறைக்குள்ளேயே கொண்டுபோய் வைப்பார்.

அன்றைக்குப் பேய்ப்படம். பங்களாவில் விளக்கு அணையும், எல்லோரும் அலற வேண்டும், பிறகு மூச்சை அடக்கி நிற்க வேண்டும். காலையிலிருந்து அலறி அலறி எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. மேஸ்திரி கை ஏறியது, அலறினோம். கை இறங்கியது, நிறுத்தினோம்.

அந்த நிசப்தத்தில் தரை ஆடியது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம். இடிதான் காலை மாற்றி நிற்கிறான் என்று நினைத்து அவனை முறைத்தேன். அவன் பாப்பாவை முறைத்தான். மைக் ஸ்டாண்டு தன்பாட்டுக்கு ஒரு சாண் நகர்ந்து போனது. தண்ணீர் பாட்டில் உருண்டது. எங்கள் நாலு பேர் கண்ணிலும் பயம் வந்துவிட்டது, ஆனால் ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை, ஒரு கால் அசையவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறதே! அது எரியும்போது அசையக்கூடாது என்று வருஷக்கணக்காக எங்கள் எலும்பில் ஏறியிருந்தது. ஓடியிருக்க வேண்டிய நேரத்தில் நாலு மடச்சாம்பிராணிகளும் டேக் கெடக்கூடாது என்று சிலையாக நின்றோம்.

ஹெட்போனில் தம்பி குரல் வந்தது. "அக்கா, ஓடு."

அவன் அக்கா என்றதும்தான் எனக்குக் குலை நடுங்கியது. கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தேன். எழுந்து நின்றுகொண்டிருந்தான், ஒரு கை மேஜைமேல் இருந்தது. அப்புறம் கண்ணாடி இல்லை, விளக்கு இல்லை, மேலே இருந்தது கீழே வந்தது.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. வாயெல்லாம் சுண்ணாம்புத் தூள். இருட்டில் ஒரு குழந்தை அழுதது. பாப்பா என்று தெரிந்ததும் அவள் கையைத் தேடிப் பிடித்தேன். மேஸ்திரி உயிரோடு இருந்தார், கணுக்கால் முறிந்திருந்தது. இடி எங்கோ மூலையில் கடவுளிடம் எதையெதையோ விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தான். கதவைத் தள்ளிப் பார்த்தோம். அதற்கு வெளியே படிக்கட்டே இல்லை போலிருந்தது, இம்மியும் அசையவில்லை. கண்ணாடி இருந்த பக்கம் தடவிக்கொண்டே போனேன். கை பட்டது சிமெண்ட் பலகை. மேலிருந்து கீழ்வரை, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பலகை. அதற்கு அந்தப் பக்கம் என் தம்பி.

பலகையைக் குத்தினேன், அவனைக் கூப்பிட்டேன், கை கிழிந்ததுதான் மிச்சம். சுவருக்கெல்லாம் பஞ்சு வைத்துக் கட்டினவனை அன்றைக்கு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்போது பாப்பா, "உஸ்ஸ், எங்கயோ பேச்சுக் கேக்குது" என்றாள். தரையில் கிடந்த ஹெட்போன் ஒன்றிலிருந்து கொசு ரீங்காரம் மாதிரி ஒரு குரல் வந்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"…பேசுற பட்டன்மேல கை மாட்டிக்கிச்சு. எடுக்க முடியல. அதான் நான் பேசுறது உங்களுக்குக் கேக்கும்னு நெனக்கிறேன். நீங்க பேசுறது எனக்குக் கேக்கல. அக்கா, நீ இருக்கியா? இருந்தா இந்நேரம் என்னைத் திட்டிட்டு இருப்ப." கொஞ்சம் இருமினான். "இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியல. வலிகூட இல்ல. அது நல்லதா கெட்டதான்னு தெரியல."

அந்த ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, "இருக்கேன்டா, இருக்கேன்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும் சொன்னேன். அவன் குரலுக்குப் பின்னால் பேட்டரி பீப் பீப் என்று கத்தியது. கரண்டு போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற பேட்டரி அது. முதலில் நிதானமாகக் கத்தியது. பிறகு அவசரமாகக் கத்தியது. "அக்கா, தூக்கம் வருது" என்றான். "தூங்காதடா!" என்று நான் போட்ட கூச்சலில் இடியின் சத்தியங்கள் நின்றன. ஹெட்போனில் நீளமாக ஒரு பீப், பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பயந்ததைப்போல நான் வாழ்க்கையில் எதற்கும் பயந்ததில்லை. அவன் தூங்கிவிட்டானா, பேட்டரி மட்டும்தான் போனதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

இடிதான் குழாயைக் கண்டுபிடித்தான். கூரை ஒருபக்கம் சரிந்து அதன் வாய் எட்டும் தூரத்துக்கு வந்திருந்தது, தூரத்தில் பொடி வெளிச்சம் தெரிந்தது. வெளியே ஆட்கள் ஓடும் சத்தமும், யாரோ உத்தரவு போடும் சத்தமும் கிணற்றுக்குள் கேட்பதுபோல் கேட்டன. மேஸ்திரி ஒற்றைக்காலில் எழுந்து நின்று, அந்த அரை இருட்டில் கையை உயர்த்தினார். நாங்களும் பழக்க தோஷத்தில் அவர் கையைப் பார்த்தோம். ஏறியதும் நாலு பேரும் சேர்ந்து உயிர் போகிறாற்போல் அலறினோம். இறங்கியதும் நிறுத்தினோம், பதில் வருகிறதா என்று கேட்பதற்காக.

மேலே ஒருவர், "உள்ள ஆள் இருக்காங்க போல இருக்கே" என்றார்.

"இல்லைங்க, அது சினிமா." டீக்கடைக்காரர் குரல். "உள்ள பேய்ப்படம் ஓடுது. கரண்டு போனாலும் பேட்டரியில ஓடும். இந்த நேரத்துக்கு அவங்க சாப்பாட்டுக்குக் கிளம்பியிருப்பாங்க."

மறுபடி கை ஏறியது, மறுபடி அலறினோம், முன்னைவிட நன்றாக. மறுபடி வெட்டியதுபோல் நிறுத்தினோம்.

"பாத்தீங்களா, அதே சீன் திரும்ப ஓடுது" என்றார் அவர்.

"அப்போ வாங்க, அந்தக் கோடியில ஒரு வீட்டுல குழந்தை மாட்டியிருக்காம்." செருப்புச் சத்தங்கள் நகர ஆரம்பித்தன. அந்த நேரம் பார்த்துத் தரை இன்னொரு தரம் குலுங்கியது. கூரையிலிருந்து கற்கள் உதிர்ந்தன. சிமெண்ட் பலகை அந்தப் பக்கமாகக் கிறீச்சென்று இறங்கும் சத்தம் கேட்டது. என் தம்பிமேல் இறங்குகிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. மேஸ்திரி கையையெல்லாம் யார் பார்த்தது? குழாய்க்குள் தலையை நுழைத்து, கட்டிப்போன தொண்டையால் கரகரவென்று கத்தினேன். "யோவ் டீக்கடை! உனக்கு அறிவிருக்காய்யா? எத்தனை வருஷமா சொல்றேன் என் டீயில சர்க்கரை போடாதன்னு! காதுல விழாதா உனக்கு? சர்க்கரை போடாதன்னாலும் போடுவ, சாகப் போறோம்னாலும் சினிமாம்ப! உன் பாலு திரிஞ்சு போக, உன் அடுப்பு அவிஞ்சு போக!"

மேலே சத்தம் நின்றது. ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

"ஐயோ," என்றார் டீக்கடைக்காரர். "சர்க்கரை இல்லாதது!" பிறகு குழாயில் வெளிச்சம் மறைந்தது, அவர் வாயை அதில் வைத்துவிட்டார். "அம்மா, நீயா? வேற யாரு இருக்கா? ஸ்ட்ராங்?"

"இருக்கேன்யா" என்றார் மேஸ்திரி.

"வெறும் பால்?"

"இருக்கேன்" என்றாள் பாப்பா, எந்த வேஷமும் இல்லாத தன் சொந்தக் குரலில். அந்தக் குரலை நானே எப்போதாவதுதான் கேட்டிருக்கிறேன்.

"சர்க்கரை தூக்கல்?"

இடியால் பேச முடியவில்லை. விம்மினான். "இருக்கான், இருக்கான்" என்று நான் சொன்னேன்.

"வெந்நீர்?"

நான் இருட்டில் பலகை இருந்த பக்கம் திரும்பினேன்.

"வெந்நீர் எங்கம்மா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்று சொன்னேன். பேசிக்கொண்டிருந்தான், இப்போது பேசவில்லை என்று சொன்னேன். இருக்கிறான் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவர் என்னிடம் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி மேலே இருப்பவர்களிடம் சொல்வது கேட்டது: "அஞ்சு பேருங்க. நாலு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். அந்தப் பக்கத்துக்குப் பின்னால தனிப் படி இருக்கு, அது வேற யாருக்கும் தெரியாது. தினம் நான்தான் வெந்நீர் கொண்டு போறேன். வாங்க, காட்டறேன்."

எங்களைக் குழாய் ஓரமாகச் சுவரை உடைத்துத் தூக்கினார்கள். மேலே வந்தபோது அது என் தெருவாகவே இல்லை. மூன்று மாடி இருந்த இடத்தில் ஒரு மாடி உயரத்துக்குக் கற்குவியல். எதிரே தையல் கடையும் மருந்துக் கடையும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. டீக்கடை தகரம் நசுங்கிக் கிடந்தது. யாரோ என்மேல் போர்வை போட்டார்கள், யாரோ என்னை ஆஸ்பத்திரி வண்டிப் பக்கம் இழுத்தார்கள். நான் நகரவில்லை. "தம்பி வராம நான் வரமாட்டேன்" என்றேன். மேஸ்திரியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். பாப்பாவும் இடியும் காயத்தோடு என்னருகிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

பின்படி இருந்த இடத்தைக் காட்டிவிட்டு வந்த டீக்கடைக்காரர், தெரு நடுவில் மூன்று கல் வைத்து, நசுங்கிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பு மூட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த நேரத்துல என்னய்யா அடுப்பு?" என்றேன்.

"அந்தப் புள்ள வெளிய வந்ததும் கேக்கும்" என்றார். "நான்தாம்மா அவங்கள போகச் சொன்னேன். சினிமான்னு சொன்னேன். என்னை ஒண்ணும் சொல்லாத, இதையாவது செய்ய விடு."

விறகு தீர்ந்தபோது தையல்காரி உடைந்த நாற்காலிக் காலைக் கொண்டுவந்து வைத்தாள். மருந்துக் கடைக்காரர் தன் கடை அலமாரிப் பலகையைக் கொடுத்தார். எனக்கு முகம்கூடத் தெரியாத ஒருவர், வீடு போய்விட்டது, கதவு மட்டும் என்னத்துக்கு என்று சொல்லித் தன் கதவை உடைத்துக் கொடுத்தார். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. தண்ணீர் கொதிப்பதும் ஆறுவதும் மறுபடி கொதிப்பதுமாக இருந்தது. ஆறும்போதெல்லாம் யாராவது எழுந்து அடுப்பைத் தூண்டினார்கள். இத்தனை பேர் சேர்ந்து அவன் வருவான் என்று நம்பியதால், நம்பாமல் இருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. நம்பவும் பயமாக இருந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில், குழிக்குள் இருந்த மீட்பு ஆள் கையை உயர்த்தினார். தோண்டுவது நின்றது. இயந்திரங்களை அணைத்தார்கள். "யாரும் அசையாதீங்க, மூச்சுகூட சத்தமா விடாதீங்க" என்று ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லி, தெரு முழுக்க அந்தச் சொல் போனது. அழுதுகொண்டிருந்த குழந்தையின் வாயை அதன் அம்மா மெதுவாகப் பொத்தினாள். நூற்றுக்கணக்கான பேர் நின்ற இடத்தில் அப்படியே நின்றார்கள். எங்களுக்காவது அது பழக்கம். அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

மீட்பு ஆள் என்னைக் கூப்பிட்டு, குழிக்குள் ஒருமுறை குரல் கொடுக்கச் சொன்னார். நான் குனிந்தேன். வாழ்நாளெல்லாம் கத்திப் பிழைத்தவளுக்குக் குரலே வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டு, "டேய்" என்று மட்டும் சொன்னேன்.

பதில் இல்லை. அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. பாப்பாவின் நகம் என் கையில் பதிந்தது. மீட்பு ஆள் கையை இறக்கப் போனார்.

அப்போது அடியிலிருந்து ஓர் இருமல் வந்தது.

ஒருவரும் கத்தவில்லை. அவர் கை இன்னும் உயர்ந்தே இருந்தது. இன்னொரு இருமல் வந்தது, அது வந்த இடத்தை அவர் விரலால் காட்டினார். பிறகுதான் கையை இறக்கினார். அதற்கப்புறம் அந்தத் தெருவில் எழுந்த சத்தத்தை எந்தப் படத்திலும் எங்களால் கொடுக்க முடியாது.

அவனை வெளியே எடுத்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. தலை முதல் கால் வரை வெள்ளைத் தூள், கண் மூடியிருந்தது, வலக்கை விரல்கள் பட்டனை அழுத்திய மாதிரியே மடங்கியிருந்தன. டீக்கடைக்காரர் கிளாஸோடு ஓடி வந்தார். ஆஸ்பத்திரி வண்டியோடு வந்த நர்ஸம்மா தடுத்து, "குடிக்கக் கூடாது, உதட்டை மட்டும் நனைங்க" என்றார். டீக்கடைக்காரர் விரலை வெந்நீரில் தோய்த்து அவன் உதட்டில் தடவினார். அவன் உதடு அசைந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆளாளுக்கு அசைந்தது என்றார்கள்.

வண்டியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நர்ஸம்மா அவன் நாடியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார், அந்தப் பேசாமை எனக்குப் பிடிக்கவில்லை. கதவை மூடும்முன் டீக்கடைக்காரர் என் கையில் ஒரு கிளாஸ் டீயைத் திணித்தார். எங்கே கிடைத்ததோ பால். ஒரு வாய் குடித்தேன். கசந்தது. முதல்முறையாகச் சர்க்கரை போடாத டீ.

"சர்க்கரை டப்பா கல்லுக்கு அடியில போயிடுச்சும்மா" என்றார், மன்னிப்புக் கேட்கிறவரைப்போல.

வண்டி கிளம்பியது. அவர் தெருவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன தோன்றியதோ, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினேன். "நாளைக்கு ரெண்டு ஸ்பூனா போடுய்யா!" பாதியில் குரல் உடைந்து, அழுகையாகிவிட்டது. நிறுத்த முடியவில்லை. கையை இறக்க அங்கே மேஸ்திரியும் இல்லை.

பின்னால் படுத்திருந்தவன் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நான் அழுகையை விழுங்கிக்கொண்டு குனிந்து காதை வைத்தேன்.

"இன்னொரு டேக்" என்றான்.